லியோன் நகரத்து மீன் கடைகளும் குடியாத்தம் வேதாசலமும்

மெக்சிகோ நாட்டில் லியோன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே கடல் கிடையாது. தோல் இருக்கிறது, ஷூ இருக்கிறது, எங்கள் பக்கத்து முதலாளிகள் போய் இறங்குவதற்கு ஒரு விமான நிலையம் இருக்கிறது. அந்த நகரத்தில் கடல் உணவுக்குச் சிறந்த ஓட்டல் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியின் முதல் மாடியில், ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் வேதாசலத்திடம் இருந்தது. வேதாசலம் சைவம். வீட்டில் கவிச்சி கிடையாது. யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினால்கூட முட்டை போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

இதை ஒரு முரணாக அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. ஜெர்மன்காரர் ஒருவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டதாகவும், முதலாளி ஜமீல் சாகிப் அதற்கு, "சாப்பிடறவன் தன் வாய்க்குப் புடிச்சதைச் சொல்லுவான். சாப்பிடாதவன்தான் நியாயமா சொல்லுவான்" என்று பதில் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. கேட்பதற்கு ஞானம் போலத்தான் இருக்கிறது. இதே விதியைத் தோல் வாங்குவதிலும் அவர் கடைப்பிடித்திருந்தால் கம்பெனி என்றோ மூடியிருக்கும்.

பதவி உண்டான கதை சிறியது. ஜமீல் சாகிப் வெளிநாடு போனால், முறைப்படி அறுத்ததா என்று தெரியாத இறைச்சியைத் தொட மாட்டார். மீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே இத்தாலியானாலும் சீனாவானாலும் அவருக்கு மீன்தான். மீன் கிடைக்காத ஊரில் ரொட்டியும் ஆம்லெட்டும் தின்று இளைத்துத் திரும்புவார். ஆம்பூரில் பல முதலாளிகள் வீட்டுக் கதை இதுதான். பேக்ஸ் இருந்த காலத்தில் ஒரு தடவை, இத்தாலியில் ஒரு நல்ல மீன் ஓட்டல் விசாரித்து வைக்கும்படி ஏற்றுமதிப் பிரிவுக்குச் சொல்லியனுப்பினார். அன்றைக்கு நாற்காலியில் இருந்தது வேதாசலம். அவர் இத்தாலி ஏஜெண்டுக்கு இரண்டு வரி பேக்ஸ் அனுப்பினார். ஏஜெண்ட் தன் மைத்துனன் கடையின் விலாசத்தைத் திருப்பி அனுப்பினான். சாகிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, "பலே ஆளுய்யா நீ" என்றார். நிபுணர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறார்கள். கேட்கப்பட்ட நேரத்தில் நாற்காலியில் இருக்க வேண்டும். மிச்சத்தை மைத்துனர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவருடைய உண்மையான வேலை ஷிப்பிங் பேப்பர்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம். வீட்டின் முன்கூடத்தில் நான்கு பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசிக் குடும்பத்தில் எல்லோருக்கும் குரல் பெரியது. பி.காம். முடித்தவுடன் சத்தமில்லாத வேலை ஒன்று வேண்டும் என்று தேடி ஆம்பூருக்கு வந்தார். அவருடைய அப்பா, "தோல் கம்பெனியாடா?" என்று முகத்தைச் சுளித்தபோது, வேதாசலம் சொன்ன பதில் அவர் வாழ்க்கையின் சாரம் என்றே சொல்லலாம்:

"ஆபீஸ் வேலைப்பா. தோல் கீழே இருக்கும். நான் மேலே இருப்பேன்."

அந்த வாக்கை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார். தையல் பிரிவுக்குள் அவர் நுழைந்ததில்லை. தோல் பதனிடும் தொட்டிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று தெரியும், காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்போது ஜன்னலைச் சாத்துவதற்காக. சாம்பிள் துண்டுகள் மேசைக்கு வந்தால் பிளாஸ்டிக் உறையோடு ஓரமாகப் பிடித்து அடுத்த மேசைக்குத் தள்ளுவார். சம்பளம் மட்டும் எந்த வாசனையும் இல்லாமல் நேராக வங்கிக்கு வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டுத்தான் காபி. கீழே உப்பிலும் சாயத்திலும் நின்றவர்கள் குளிக்காமல் டீ குடித்தார்கள். சுத்தம் என்பது எவ்வளவு செய்தோம் என்பதைப் பொறுத்ததல்ல, எந்த மாடியில் இருந்தோம் என்பதைப் பொறுத்தது என்று அவர் நம்பினார். அவர் மட்டுமா நம்பினார் என்பது வேறு கேள்வி.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், நேரத்துக்கு வருவார். அது அவருடைய குணமா குடியாத்தம் பேருந்தின் குணமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

போன வருஷம் பிரச்சனை தொடங்கியது. ஜமீல் சாகிப்பின் தங்கை மகன் யாசிர் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து கம்பெனியில் உட்கார்ந்தான். வந்த வேகத்தில் ஷிப்பிங் பேப்பர்களை எல்லாம் சென்னையில் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டான். அவர்கள் அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். வேதாசலத்தின் மேசையில் மேசை மட்டும் மிச்சமிருந்தது. பேரணாம்பட்டில் கம்பெனிக்கு ஒரு பச்சைத்தோல் கிடங்கு உண்டு. உப்புப் போட்டு அடுக்கிய தோல்கள். கூரையில் ஒரு மின்விசிறி. அங்கே ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றான் யாசிர்.

இந்தச் செய்தி குடியாத்தத்துக்குப் போனபோது வேதாசலத்தின் மனைவி விஜயகுமாரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த நாத்தத்தோட வூட்டுக்குள்ள வருவீங்களா?"

"குளிச்சிட்டு வர்றேன்."

"எங்க குளிப்பீங்க? பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுலயா?"

"இன்னும் முடிவாகல விஜயா. சாப் ஒண்ணும் சொல்லல."

"அவரு சொல்றதுக்குள்ள நீங்க எதுனா சொல்லுங்க. இவ்ளோ வருஷமா மீன் கடை பாத்துக் குடுத்தீங்களே, அது இன்னா சும்மாவா?"

அது சும்மாவா இல்லையா என்பது மெக்சிகோ பயணத்தில் தெரிய வேண்டியிருந்தது.

லியோனில் எர்னஸ்டோ என்று ஒரு ஷூ தயாரிப்பாளர். ஆம்பூர்த் தோலை வாங்கிப் பார்க்கலாமா என்று ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தவர். ரமலான் பிறப்பதற்குள் போய் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று ஜமீல் சாகிப் கிளம்பினார். கூட யாசிர். வெள்ளிக்கிழமை இரவு எர்னஸ்டோவுக்கு விருந்து. அங்கேதான் பேச்சு முடியும். கிறிஸ்தவர்களுக்கு அது தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் எர்னஸ்டோவும் இறைச்சி தொட மாட்டாராம்.

"பாத்தியா," என்றார் ஜமீல் சாகிப், தன் அறையில், வேதாசலத்தையும் யாசிரையும் எதிரில் வைத்துக்கொண்டு. "ரெண்டு மதமும் மீன்ல வந்து ஒண்ணா நிக்குது. வேதாசலம், நல்ல கடையா ஒரு மூணு பாரு."

"மாமு, எதுக்கு?" என்றான் யாசிர். போனை எடுத்து ஏதோ கேட்டான். அவன் கை இறங்குவதற்குள் போன் பத்துக் கடை சொன்னது. "இதோ. ஸ்டார், படம், வழி எல்லாம் இருக்கு. இதுக்கு ஒரு ஆள், ஒரு ரூம், ஒரு ஏ.சி.யா?"

வேதாசலம் அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு சாகிப்பைப் பார்த்தார்.

"சாப், அது எல்லாத்தையும் நல்லா இருக்குதுன்னுதான் சொல்லும்."

சாகிப்புக்கு இந்த வாக்கியம் பிடித்துவிட்டது. "சரி. ரெண்டையும் எடுத்துக்கினு போலாம். மொதல்ல வேதாசலம் கடை. போய்ட்டு வந்து பேரணாம்பட்டு விஷயம் பேசிக்கலாம்."

ஆகவே வேதாசலத்துக்கு முன்னால் இருந்தது மீன் அல்ல. உப்புத்தோல்.

அவரிடம் ஒரு முறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவுக்கு மூன்று வாசல் என்று நம் அளவை நூல்கள் சொல்லும்: காட்சி, கருதல், உரை. மீனைப் பொறுத்தவரை முதல் வாசலை வேதாசலம் தாழ்ப்பாள் போட்டிருந்தார். மூன்றாவதான உரையை, அதாவது பிறர் சொல்வதை, அவர் மதிப்பதில்லை. இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு "அற்புதம்" என்று எழுதுபவன் ஒன்று கடைக்காரனுக்குச் சொந்தம், இல்லாவிட்டால் பசியோடு போனவன் என்பார். மிச்சமிருப்பது கருதல். மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது. நெருப்பைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததால் அவருக்கு இந்த முறை வசதியாக இருந்தது.

புகைக்கு அவர் போன இடம் ஆம்பூர் பிரியாணி. அதையும் அவர் சாப்பிட்டதில்லை. ஆனால் ஆம்பூரில் வேலை செய்பவனுக்கு, எந்தக் கடை நல்லது என்ற விவாதம் காற்றோடு உள்ளே போய்விடும். இந்த ஊரில் அதற்கு ஓர் உரைகல் இருக்கிறது: தேக்சா எப்போது காலியாகிறது? பிரியாணி வேகும் அந்தப் பெரிய பாத்திரம் மதியம் இரண்டு மணிக்குள் கவிழ்ந்துவிட்டால் நல்ல கடை. சாயங்காலம் போனாலும் கிடைக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கும் கிடைக்கிறது என்றால் நெடுஞ்சாலையில் போகிற வெளியூர்க்காரனுக்கான கடை.

லியோனில் மீன் கடைகளின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு வேதாசலம் நட்சத்திரங்களைப் பார்க்கவில்லை. மூடும் நேரத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் மகேந்திரன் ஸ்பானிஷ் எழுத்துகளை மொழிபெயர்த்துக் காட்டுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அணைக்கட்டுப் பக்கத்து ஆள். வாரத்தில் மூன்று நாள் மீன் தின்பவன்.

"ண்ணா, இந்த மஞ்சச் சுவத்துக் கடை அஞ்சு மணிக்கே மூட்றான்."

"அதனாலதான் அதை மொதல்ல வெச்சிருக்கேன்."

"இது அஞ்சரை. இது ஆறு. மூணுமே பொழுது சாயறதுக்குள்ள மூட்றவன்."

"தெரியுதில்ல? சரக்கு நிக்க மாட்டேங்குது."

"விருந்து ராத்திரி எட்டு மணிக்குண்ணா."

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விவரம் புரியாதவர்களிடம் பேசும்போது அவர் செய்யும் காரியம் அது.

"மகேந்திரா, நம்ம சாப் வூட்ல விருந்தாளி வந்துட்டா மூணு மணிக்கு ஆள் அனுப்பறாரு. அப்போ தேக்சா காலியாத்தானே இருக்கும்? பிரியாணி வருதா இல்லியா?"

"வருது."

"எப்டி வருது?"

"எடுத்து வெச்சிருப்பான்."

"அவ்ளோதான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நல்ல கடை என்றால், தீர்ந்துபோகும் கடை என்று அர்த்தம். பெரிய மனிதர் என்றால், தீர்ந்துபோன பிறகும் எவருக்குக் கிடைக்கிறதோ அவர் என்று அர்த்தம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கதவு சாத்தியிருந்தாலும் பின்பக்கமாகப் போய்ப் பெயரைச் சொன்னால் மூடி போட்ட பாத்திரம் ஒன்று வெளியே வரும். இது ஆம்பூரில் ஒரு வழக்கம். வேதாசலம் இதை இயற்கை விதி என்று நினைத்தார். நீர் மேலிருந்து கீழே பாயும். மீன் கடைக்காரன் தெரிந்தவர்களுக்கு எடுத்து வைப்பான். மெக்சிகோவில் மட்டும் நீர் மேலே ஏறுமா?

மஞ்சள் சுவர்க் கடைக்கு ஒரு மெயில் போனது. வெள்ளி இரவு எட்டு மணிக்கு ஆம்பூர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவார்கள், தயவுசெய்து எடுத்து வைக்கவும். மகேந்திரன் அதை ஸ்பானிஷில் மாற்றி அனுப்பினான். பட்டனிலிருந்து அவன் கையை எடுப்பதற்குள் பதில் வந்தது: உங்கள் செய்திக்கு மிக்க நன்றி, உங்களை மகிழ்ச்சியோடு வரவேற்கக் காத்திருக்கிறோம்.

"பாத்தியா," என்றார் வேதாசலம்.

"இவ்ளோ சீக்கிரமா பதில் வருதேண்ணா. இது மெஷின் அனுப்பறதா இருக்கப் போவுது."

"நல்ல கடைன்னா அப்டித்தான். வேகமா இருப்பான்."

மகேந்திரனுக்குச் சந்தேகம் போகவில்லை. ஆனால் பேரணாம்பட்டுக்குப் போகப்போவது அவனல்ல என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு வேண்டிய பலம் இல்லை.

கடல் இல்லாத ஊரில் எப்படி நல்ல மீன் கிடைக்கும் என்றும் யாரோ கேட்டார்கள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கடற்கரையில் இருப்பவன் மீனை மதிக்க மாட்டான், தூரத்தில் இருப்பவன்தான் ஐஸ் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான். வேலூர் மீன் மார்க்கெட்டைப் பாருங்கள் என்றார். வேலூர் மீன் மார்க்கெட் இருக்கும் தெருவை அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தவர்.

லியோனில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் இங்கே சனிக்கிழமை காலை ஏழரை. வேதாசலம் பேருந்தில் இருந்தார். மாதனூர் தாண்டவில்லை. போன் அடித்தது. யாசிர். பின்னால் ஜமீல் சாகிப்பின் குரல் உருதுவில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"வேதாண்ணா, கடை மூடியிருக்கு."

"எந்தக் கடை சின்ன சாப்?"

"உங்க கடைதான். மஞ்சச் செவுரு. நாற்காலியெல்லாம் கவுத்து மேசை மேல போட்டாச்சு. ஒரு அம்மா தரையைக் கழுவிட்டு இருக்காங்க."

"அப்டித்தான் இருக்கும். நீங்க பின்பக்கம் போங்க."

"இன்னாது?"

"பின்பக்கம் போயி கம்பெனி பேரைச் சொல்லுங்க சின்ன சாப். எடுத்து வெச்சிருப்பான்."

நெசவுக் குடும்பத்துக் குரல். பேருந்து முழுவதும் கேட்டது. முன் சீட்டில் கூடையோடு இருந்த பெண்மணி திரும்பி, "பிரியாணியா?" என்றார்.

"மீனும்மா."

"இன்னேரத்துக்கா மூடிட்டான்?"

"அங்க ராத்திரி."

"அப்ப மூடத்தானே செய்வான்," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அந்த விஷயத்தில் சொல்லப்பட்ட சரியான வாக்கியம் அது ஒன்றுதான். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

யாசிர் பின்பக்கம் போனான். போகச் சொன்னது சாகிப். ஆம்பூர் மனிதர் அவரும். பின்பக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சந்தில் குப்பைத் தொட்டிகளும் ஒரு நாயும் இருந்தன. ஒரு கதவு. யாசிர் தட்டினான், கம்பெனி பெயரைச் சொன்னான். கதவு திறக்கவில்லை. நாய் குரைத்தது போனில் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு போன் சாகிப் கைக்கு மாறியது.

"வேதாசலம்! அறிவிருக்காய்யா உனக்கு? எர்னஸ்டோ எதிர்ல நிக்கறான்யா! கோட்டு போட்டுக்கினு குப்பைத் தொட்டி பக்கத்துல நிக்கறான்! இவ்ளோ வருஷமா உன்னை வெச்சிருக்கேனே, எனக்கு இது வேணும்யா!"

"சாப், ரெண்டாவது கடை…"

"அதுவும் மூடியாச்சாம்! மூணாவதும் மூடியாச்சாம்! இந்த ஊர்ல ராத்திரி எவனும் இறால் நண்டு திங்க மாட்டானாம், எர்னஸ்டோ சொல்றான்! மதியம்தான் திம்பாங்களாம்! இது உனக்குத் தெரியுமா தெரியாதாய்யா?"

வேதாசலம் எழுந்து நின்றார். பேருந்தில் இடமில்லாமல் நின்றிருந்த ஒருவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். திட்டு ஆம்பூர் எல்லை வரைக்கும் நீடித்தது. இறங்கும்போது கண்டக்டர் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், துக்க வீட்டுக்காரருக்கு ஒதுங்குவதைப் போல.

அன்றிரவு லியோனில் அவர்கள் யாசிரின் போன் சொன்ன கடைக்குப் போனார்கள். பதினொரு மணி வரை திறந்திருக்கும் கடை. வறுத்த மீன், சோறு, எலுமிச்சம்பழம். சாகிப்புக்குப் பிடித்திருந்தது. எர்னஸ்டோ மரியாதைக்குச் சாப்பிட்டார். மறுநாள் மதியம் எர்னஸ்டோவே அவர்களை மஞ்சள் சுவர்க் கடைக்கு அழைத்துப்போனார். உங்கள் ஆள் நேரம் தெரியாதவன், ஆனால் கடை தெரிந்தவன் என்று சொன்னாராம். கூட்டம் வாசல் வரை நின்றது. மேசைக்கு வந்தது எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை இறால். அடுப்பில் ஏறாதது. எர்னஸ்டோ கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். ஜமீல் சாகிப் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, சிறந்த கடை என்று அந்த ஊரே ஒப்புக்கொண்ட கடையில் சாகிப் பட்டினி. வெளியூர்க்காரர்களுக்கான கடையில் அவர் வயிறாரச் சாப்பிட்டார். இதிலிருந்து சிறந்தது என்ற சொல்லைப் பற்றி ஒரு சிந்தனையாளன் எதையாவது எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பெனியில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எர்னஸ்டோ சிறிய ஆர்டர் ஒன்று கொடுத்தார், மீனுக்காக அல்ல, விலைக்காக.

பயணம் முடிந்து வந்த சாகிப் இரண்டு நாள் வேதாசலத்தைக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு நாளும் வேதாசலம் மேசை இழுப்பறையைக் காலி செய்தார், மறுபடி நிரப்பினார். விஜயகுமாரி பழைய சட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார், கிடங்குக்குப் போட்டுக்கொண்டு போக. கொல்லைப்புறத்தில் ஒரு பழைய பவர்லூம் கிடந்த இடத்தைக் கூட்டி, அங்கேயே குளித்துவிட்டு உள்ளே வருவதற்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். யாசிர் ஏற்கெனவே அங்கே இருந்தான். முகத்தில் வெற்றி இருந்தது. மறைக்க முயன்றான் என்றும் சொல்ல முடியாது.

"மாமு, நான் ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்களே பாத்தீங்க. போன் சொன்ன கடை தெறந்திருந்துச்சு."

"தெறந்திருந்துச்சு," என்றார் சாகிப். "சாப்பாடும் மோசமில்ல. உன் போன் கெட்டிக்காரன். ஆனா ஒண்ணு சொல்லு. அதுவும் மூடியிருந்தா?"

"வேற கடை தேடும்."

"தேடும்யா, தேடும். நான் யாரைத் திட்றது?"

யாசிருக்குப் புரியவில்லை.

"எர்னஸ்டோ எதிர்ல நிக்கறான். குப்பைத் தொட்டி. நாயி. என் மானம் போவுது. அப்போ எனக்கு இன்னா வேணும்? ஒரு ஆள் வேணும். நான் போனை எடுத்துக் கத்துனேன். எர்னஸ்டோ பாத்தான். சரி, ஜமீல் பெரிய மனுஷன், அவன்கிட்ட ஆள் இருக்கு, ஆள் தப்புப் பண்ணிட்டான்னு புரிஞ்சிக்கினான். பேரு நின்னுச்சு. உன் போனைக் கையில வெச்சிக்கினு அதையே பாத்து 'அறிவிருக்காடா உனக்கு'ன்னு நான் கத்தியிருந்தா இன்னா நெனைச்சிருப்பான்? பேஜார் புடிச்ச கெழவன்னு நெனைச்சிருப்பான். ஆர்டர் குடுப்பானா?"

"மாமு, அதுக்காக ஒரு ஆளை…"

"அதுக்காகத்தான். இனிமே உன் போன் கடை சொல்லட்டும். வேதாசலம் அதைப் பாத்து சரின்னு சொல்லட்டும். நல்லா இருந்தா உன் போனு. தப்பாப் போனா வேதாசலம். இன்னாய்யா, சம்மதமா?"

"சம்மதம் சாப்."

"பேரணாம்பட்டுக்கு வேற யாரையாவது பாரு யாசிர். கிடங்குல தப்பு நடந்தா கிடங்குக்காரனைத் திட்டலாம். மத்ததுக்கு எல்லாம் இவன்தான்."

ஒரு காரியத்துக்குக் காரணம் எங்கே இருக்கிறது என்று ஆயிரம் வருஷமாக வாதாடுகிறார்கள்: மண்ணிலா, குயவனிலா, சக்கரத்திலா என்று. ஜமீல் சாகிப் அந்த வாதத்தை முடித்துவைத்தார். காரணத்துக்கு ஒரு நாற்காலி போட்டு, சம்பளம் கொடுத்து, மாடியில் உட்காரவைத்துவிட்டார்.

வேதாசலம் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் காபிக்கு உட்கார்ந்தபோது, இதை ஒரு பதவி உயர்வு போலச் சொன்னார். விஜயகுமாரி டம்ளரை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப திட்டு வாங்கறதுக்கா சம்பளம்?"

"அப்டி இல்ல. பொறுப்பு."

"நீங்க பண்ணாத தப்புக்கு?"

"நான் இன்னாத்தப் பண்றேன் விஜயா? இத்தினி வருஷத்துல நான் எதுனா பண்ணியிருக்கேனா?"

அவர் அதைத் தற்காப்பாகச் சொன்னார். விஜயகுமாரி அதில் இருந்த உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டார். ஆனால் அன்றிரவே அந்தப் பழைய சட்டைகளைப் பெட்டியில் திருப்பி வைத்தார், கொத்தனாருக்கும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

அடுத்த வாரம் யாசிர் வேதாசலத்தின் அறைக்கு வந்தான். அதுவரை அவன் அந்த அறைக்கு வந்ததில்லை. ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவான். கதவைச் சாத்தினான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வேதாண்ணா, ஒரு சின்ன விஷயம். ஜெர்மனிக்கு சாம்பிள் போச்சில்ல? டேன் கலர் கேட்டிருந்தாங்க. நான் கருப்பை அனுப்பச் சொல்லிட்டேன். மாமுக்கு இன்னும் தெரியாது."

"அய்யய்யோ."

"அதான். நீங்க சொன்னதா இருக்கட்டுமா?"

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சாம்பிள் என் டிபார்ட்மெண்ட் இல்லியே சின்ன சாப்."

"மீன் மட்டும் உங்க டிபார்ட்மெண்டா?"

ஏ.சி. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கீழே சுமை இறக்கும் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது. யாசிர் தானே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இன்னா கலர் கேட்டிருந்தாங்கன்னு சொன்னீங்க?" என்றார் வேதாசலம்.

"டேன்."

இன்வாய்ஸ்களில் ஆயிரக்கணக்கான தடவை அவரே டைப் அடித்த சொல் அது.

"அது எப்டி இருக்கும்?"

யாசிர் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு காலைத் தூக்கி மேசை விளிம்பில் வைத்து, தன் இளம்பழுப்பு ஷூவைக் காட்டினான். வேதாசலம் குனியவில்லை, தொடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சரி," என்றார். "நான்தான் சொன்னேன்."